படம் வரவில்லை, சத்தம் மட்டும் வருகிறது

சென்ற ஆடி மாதம், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் பக்கத்துக் கட்டடத்து மாமி குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இரண்டு ஸி.டி.க்கள்.

"படம் வரலை, வெறும் சத்தம்தான் வர்றது. ரெண்டாவதுல அதுவும் இல்லை. பேரன் பாத்துட்டு, பாட்டி இது கெட்டுப் போச்சு, தூக்கிப் போட்டுடுங்கறான். நீங்கதான் நம்ம பத்திரிகையில கம்ப்யூட்டர் பாடமெல்லாம் எழுதறேளே, கொஞ்சம் பாருங்கோ" என்றார்.

2001இல் மாட்டுங்காவில் நடந்த அவர்களுடைய அறுபதாம் கல்யாணம் அது. வீடியோ காஸெட்டாக எடுத்து, பின்னால் ஒரு கடையில் கொடுத்து ஸி.டி.யில் மாற்றி வாங்கியிருக்கிறார்கள். மூலக் காஸெட் குர்லாவில் தரைத்தள வீட்டில் இருந்தது. 2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைவாசிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. காஸெட்டும் ஆல்பங்களும் அன்றைக்கே போயின. பூனாவில் மகள் வீட்டில் இருந்ததால் இந்த இரண்டு ஸி.டி.க்கள் தப்பின. மாமா 2009இல் காலமாகிவிட்டார். இரண்டாவது ஸி.டி.யில் அவர் வந்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு நாலு நிமிஷம் பேசுகிறாராம். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

ஆகவே இந்த இதழில் இதையே பாடமாக வைத்துக்கொள்வோம். கணிப்பொறியில் ஒரு படம் ஓடவில்லை என்றால் "கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சமாசாரங்கள் ஒளிந்திருக்கின்றன. தட்டு பழுதாயிருக்கலாம். கோப்பின் கட்டமைப்பு உடைந்திருக்கலாம். அல்லது எல்லாமே நன்றாக இருந்து, அதில் எழுதியிருக்கும் பாஷை நம் கணிப்பொறிக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்த மருந்தைக் கொடுத்தால் நல்லதும் கெட்டுவிடும்.

முதலில் பாஷை விஷயம். படத்தை ஏன் பாஷை மாற்றி எழுத வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். பழைய வீடியோ ஸி.டி.யில் படத்தின் அளவு குறுக்கே 352 புள்ளிகள், நெடுக்கே 288. மொத்தம் 1,01,376 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல மூன்று பைட் என்றால், ஒரு பிரேமுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். நம் நாட்டு டி.வி. முறைப்படி விநாடிக்கு 25 பிரேம்கள். ஆக விநாடிக்கு 76 லட்சம் பைட்டுகள். ஒரு ஸி.டி. இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் அதே ஸி.டி.யில் 74 நிமிடப் படம் பார்த்தோமே, எப்படி? படத்துக்கு விநாடிக்கு 11.5 லட்சம் பிட், அதாவது சுமார் 1,44,000 பைட் மட்டுமே செலவழித்தார்கள். ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தச் சுருக்கலைச் செய்யும் முறைக்கும், பிறகு அதை விரித்துப் படமாக்கும் முறைக்கும் சேர்த்துத்தான் கோடெக் என்று பெயர். வித்தை ரொம்ப எளிது. பந்தலில் மாமா உட்கார்ந்திருக்கிறார், பின்னால் திரைச்சீலை. அடுத்த பிரேமில் திரைச்சீலை மாறவில்லை, மாமாவின் கை மட்டும் நகர்ந்திருக்கிறது. எதற்குத் திரைச்சீலையை மறுபடி எழுத வேண்டும்? "முன் பிரேமில் இருந்ததே, கை மட்டும் இத்தனை தூரம் இடப்பக்கம்" என்று எழுதினால் போதும். எப்போதாவது ஒரு முழுப் படம், நடுவில் எல்லாம் வித்தியாசங்கள் மட்டும். முழுப் படத்துக்குத் திறவுப் பிரேம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கோடெக்கும் இந்தச் சுருக்கெழுத்தைத் தன் வழியில் எழுதுகிறது. பிட்மன் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்பை வேறு முறை படித்தவரிடம் கொடுத்தால் முழிப்பார் அல்லவா? நம் அன்பர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. தமிழுக்கு யூனிகோட் பரவுவதற்கு முன்னால், நண்பர் ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பிய கட்டுரையை நம் கணிப்பொறியில் திறந்தால் ஏதோ கொக்கிகளும் கேள்விக்குறிகளும் வருமே, அதே கதைதான். கட்டுரை கெடவில்லை. படிக்கும் எழுத்துரு நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம். கோப்பின் பெயருக்குக் கடைசியில் ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்று வருகிறதே, அது கோடெக்கின் பெயர் என்று நினைக்கிறோம். இல்லை. அது வெறும் டப்பா. மும்பையில் டப்பாவைப் பற்றி விளக்க வேண்டுமா என்ன? அடுக்கு டப்பா ஒன்று. ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, இன்னோர் அடுக்கில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா டப்பாவும் ஒன்றுபோலத்தான். ஒன்றில் சாம்பார் சாதம், மற்றதில் சப்பாத்தி பாஜி. ஏ.வி.ஐ. டப்பாவை மைக்ரோஸாஃப்ட் 1992இல் கொண்டுவந்தது. அன்றுமுதல் அதற்குள் எத்தனையோ கோடெக்குகளை அடைத்திருக்கிறார்கள். "என் கணிப்பொறியில் வேறு ஏ.வி.ஐ. எல்லாம் ஓடுகிறதே, இது மட்டும் ஏன் ஓடவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

உள்ளே இருப்பது என்ன என்று டப்பாவே சொல்லும். நாலு எழுத்தில் ஒரு குறி உள்ளே பொறித்திருக்கும். அதைப் படிக்க மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அல்லது வி.எல்.ஸி.யில் படத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஜே எழுத்தைத் தட்டினால் ஒரு ஜன்னல் திறந்து படத்தின் கோடெக், ஒலியின் கோடெக், அளவு, விநாடிக்கு எத்தனை பிரேம் எல்லாவற்றையும் காட்டும். டாக்டர் நாடி பார்ப்பதைப் போல இதை எப்போதும் முதல் வேலையாகச் செய்யுங்கள். நோயின் பெயர் தெரிவதற்கு முன்னால் எதையும் இறக்கி நிறுவ வேண்டாம்.

மாமியின் முதல் ஸி.டி.யில் பார்த்தேன். ஒலி, சுருக்கப்படாத சாதாரண ஒலி. அதனால்தான் எந்தக் கணிப்பொறியும் அதை வாசித்தது. படத்தின் குறி ஐ.வி.50. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பழைய சிநேகிதனைத் தாதர் ஸ்டேஷனில் பார்த்த மாதிரி. இன்டியோ என்று ஒரு கோடெக். இன்டெல் நிறுவனம் உருவாக்கியது. தொண்ணூறுகளில் விண்டோஸோடு சேர்ந்தே வரும். படம் பிடிக்கும் அட்டைகளை வைத்துத் தொழில் செய்தவர்கள் அதை நிறைய உபயோகித்தார்கள். பிறகு அதில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பது தெரிந்து, 2009 டிசம்பரில் மைக்ரோஸாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டுப் பழைய விண்டோஸ்களிலேயே அதன் வாயைக் கட்டிவிட்டது. ஆக, ஸி.டி. மாறவில்லை, கோப்பு மாறவில்லை. ஒரு காலத்தில் எல்லாக் கணிப்பொறிக்கும் தெரிந்திருந்த பாஷையை அவை மறந்துபோயின. பேரன் மேல் குற்றம் இல்லை. அவன் பிறந்தபோதே அந்தப் பாஷை வழக்கொழிந்துகொண்டிருந்தது.

வி.எல்.ஸி.யில் திறந்தவுடன் படம் வந்தது. விண்டோஸின் கோடெக்குகளை அது நம்பியிருப்பதில்லை. தன் விரிப்பான்களைத் தானே சுமந்து வருகிறது. பாரிஸ் அருகில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் ஆரம்பித்த வேலை, 2001இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதற்குள் இருக்கும் விரிப்பான்களில் பெரும்பகுதி எஃப்.எஃப்.எம்பெக் என்ற இன்னொரு திட்டத்திலிருந்து வருகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கியது. உற்பத்தி செய்த கம்பெனிகளே கைவிட்ட கோடெக்குகளைக்கூட, யாரோ சம்பளம் வாங்காத ஆட்கள் உட்கார்ந்து அலசி, விரிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். மாமி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க முடியாதது ஒன்றுதான் குறை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. படம் ஓடவில்லை என்றதும் பலர் "கோடெக் பொட்டலம்" என்று எதையாவது தேடி ஐந்தாறு நிறுவிவிடுகிறார்கள். விண்டோஸில் ஒரு கோப்பை விரிக்கப் பல விரிப்பான்கள் போட்டியிட்டால், ஒவ்வொன்றும் தன்மேல் எழுதிக்கொண்டிருக்கும் தகுதி எண்ணைப் பார்த்துத்தான் யாருக்கு வேலை என்று தீர்மானமாகும். எல்லோரும் தனக்கு உயர்ந்த எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? நேற்றுவரை ஓடிய படமும் இன்று தலைகீழாக வரும். எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இப்படிச் செய்து, கடைசியில் விண்டோஸையே புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், "இந்தப் படத்தைப் பார்க்க இந்தக் கோடெக் தேவை" என்று திரையில் தானே எழும் அறிவிப்புகள். 2005, 2006 வாக்கில் ஸ்லாப் என்ற நச்சுநிரல் இப்படிக் கோடெக் வேஷம் போட்டுத்தான் உலகமெங்கும் வீடு புகுந்தது. அந்த வித்தை இன்னும் செத்துவிடவில்லை. படமே கேட்கும் எதையும் நிறுவாதீர்கள்.

முதல் ஸி.டி. பதினைந்து நிமிஷ வேலை. இரண்டாவதுதான் மூன்று வாரம் எடுத்தது.

கோப்பை வன்தட்டுக்குப் பிரதி எடுக்கப் பார்த்தேன். முக்கால் பாகம் வரை போய் நின்றது. டிரைவ் உறுமியது, பிறகு "தரவுப் பிழை" என்ற அறிவிப்பு. அதுவரை பிரதியான பாகத்தையும் விண்டோஸ் தூக்கி எறிந்துவிட்டது. அதன் நியாயம் அதற்கு. முழுசாக இல்லாத கோப்பு இருந்து என்ன பயன் என்று நினைக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. கல்யாணப் படத்துக்குச் சரியில்லை. நடுவில் பத்து விநாடி போனாலும் மீதி வேண்டுமே.

முதலில் தட்டைத் துடைத்தேன். துடைப்பதிலும் முறை உண்டு. மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பதுபோல வட்டமாகத் தேய்த்தால், விழும் கீறல் தரவின் பாதையோடேயே நீளமாக ஓடும். இன்னொன்று, ஸி.டி.யின் பளபளப்பான அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறோம், பெயர் எழுதும் மேல்பக்கத்தை மேசைமேல் தேய்க்கிறோம். உண்மையில் தரவைப் பிரதிபலிக்கும் படலம் மேல்பக்கத்து லேபிளுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அடியில் கீறினால் பெரும்பாலும் மெருகேற்றிச் சமாளிக்கலாம். மேலே கீறினால் படலமே போயிற்று. மாமியின் ஸி.டி.யில் கீறல் அடியில்தான், அதுவும் விளிம்போரமாக.

பிறகு, ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். லாமிங்டன் சாலையில் ஒரு கடையில் பழைய டி.வி.டி. ரைட்டர் ஒன்றை வாங்கி வந்து, லினக்ஸில் டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன். அதன் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரீட்சையில் நல்ல மாணவன் செய்வதுபோல, தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் முதலில் பதில் எழுதிவிட்டு, தெரியாததற்குத் திரும்பி வரும். படிக்க முடிகிற இடங்களை முதலில் பத்திரமாக எடுத்து வைக்கும். பிறகு முரண்டு பிடிக்கும் இடங்களை மறுபடி மறுபடி முயலும். எங்கே விட்டோம் என்பதை ஒரு குறிப்பில் எழுதிக்கொள்வதால், இன்று ஒரு டிரைவிலும் நாளை இன்னொரு டிரைவிலும் தொடரலாம். மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றி ஓட்டி, கடைசியில் மிகச் சிறு பகுதி தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது.

ஆனால் கோப்பைத் திறந்தால், படம் ஆரம்பத்திலிருந்து ஓடுகிறதே தவிர, நடுவுக்குத் தாவ முடியவில்லை. ஏன் என்று யோசித்தால் அழகான காரணம் இருக்கிறது. ஏ.வி.ஐ. டப்பாவில் பட்டியல் கடைசி அடுக்கில் இருக்கும். ஸி.டி.யோ நடுவிலிருந்து வெளிநோக்கி எழுதப்படுவது. எனவே கோப்பின் கடைசிப் பாகம் தட்டின் விளிம்பில். நாம் விரலால் பிடிப்பதும் அங்கே, கீறல் விழுவதும் அங்கே. முதலில் போவது பட்டியல்தான். நல்லவேளையாக ஏ.வி.ஐ.க்குப் பட்டியல் இல்லாவிட்டாலும், உள்ளே ஒவ்வொரு துண்டின் தலையிலும் இது படம், இது ஒலி என்று குறி இருக்கிறது. வி.எல்.ஸி. அதைப் பார்த்துவிட்டு, "பட்டியல் உடைந்திருக்கிறது, புதிதாகத் தயாரிக்கட்டுமா?" என்று கேட்கும். சரி என்று சொன்னால் போதும். ஆனால் அது அந்த ஒருமுறைக்கு மட்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் எஃப்.எஃப்.எம்பெக்கைக் கொண்டு, படத்தையும் ஒலியையும் தொடாமல் புது டப்பாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

காணாமல் போன இடங்களில் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, ஓரிரு விநாடி கழித்துத் தானே சரியாகிறது. திறவுப் பிரேமை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதுதான். வித்தியாசங்களில் ஒன்று தொலைந்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் பிசகு. அடுத்த முழுப் படம் வரும்போது கணக்கு மறுபடி நேராகிறது. மாமாவின் பேச்சில் இரண்டு இடத்தில் அப்படி ஆகிறது. குரலில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு சொல் விழுங்கிப்போகிறது. "அது 'சம்பந்தி'ன்னு சொல்லியிருப்பர்" என்றார் மாமி, கேட்ட மாத்திரத்தில்.

பழைய ஏ.வி.ஐ.யை அப்படியே ஒரு பிரதி, எச்.264 கோடெக்கில் மாற்றி ஒரு பிரதி என்று இரண்டையும் கொடுத்தேன். 2003இல் வந்த எச்.264 இன்று டி.வி., கைபேசி, கணிப்பொறி எதிலும் ஓடும். ஆனால் மாற்றியதும் மூலத்தை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் விவரம் இழக்கிறோம். பிரதியிலிருந்து பிரதி எடுத்த ஜெராக்ஸ் மாதிரி. கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் வசதியானது. தரம் என்ற இடத்தில் 18 முதல் 22க்குள் வைத்துக்கொண்டால் பழைய டி.வி. தரப் படங்களுக்குப் போதும். எண் குறையக் குறைய தரமும் கோப்பின் அளவும் கூடும்.

இனி மற்ற தொந்தரவுகளைச் சற்று வேகமாகப் பார்ப்போம்.

நம் வீடுகளில் ஏ.வி.ஐ.யைவிட அதிகம் கிடப்பது வீடியோ ஸி.டி.க்கள். அதற்குள் எம்பெக்ஏவி என்ற பெட்டிக்குள் டாட் என்று முடியும் கோப்பு இருக்கும். இரண்டுமுறை சொடுக்கினால் "எதில் திறக்கட்டும்?" என்று விண்டோஸ் விழிக்கும். வி.எல்.ஸி.யில் போட்டால் ஓடும். இந்த ஸி.டி.க்கு ஒரு தனி பலவீனம் உண்டு. ஸி.டி.யின் ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட் இடம். சாதாரணத் தரவு ஸி.டி.யில் 2,048ஐ மட்டும் தரவுக்கு வைத்துக்கொண்டு, மீதியில் பெரும்பகுதியைப் பிழை திருத்துவதற்கு ஒதுக்குகிறார்கள். வீடியோ ஸி.டி.யில் படம் கொள்ள வேண்டுமென்று அந்தக் காவலைக் கழற்றிவிட்டு 2,324 பைட் வரை படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அது கொஞ்சம் கீறினாலும் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. லினக்ஸில் இதைச் சாதாரணமாகப் பிரதி எடுக்க முயன்றால் பிழை காட்டும். தட்டு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், வீடியோ ஸி.டி.க்கென்று இருக்கும் கருவியால் எடுக்க வேண்டும்.

டி.வி.டி.யிலிருந்தும் காஸெட்டிலிருந்தும் எடுத்த படத்தில், யாராவது கையை வேகமாக ஆட்டினால் ஓரங்கள் சீப்புப் பல்லைப் போலத் தெரிகின்றனவா? அது பழுது அல்ல. பழைய டி.வி. ஒவ்வொரு பிரேமையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகக் காட்டியது. விநாடிக்கு 50 பாதிகள். இரண்டு பாதிக்கும் நடுவில் கை நகர்ந்துவிடுகிறது. கணிப்பொறி இரண்டையும் ஒன்றாக அடுக்கும்போது பல்லிளிக்கிறது. வி.எல்.ஸி.யில் டி எழுத்தைத் தட்டுங்கள், சரியாகும்.

உதடும் குரலும் ஒட்டாத பிரச்சனைதான் கச்சேரி ரசிகர்களைப் பைத்தியமாக அடிப்பது. இதில் முதலில் கவனிக்க வேண்டியது, வித்தியாசம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா என்பது. ஒரே அளவென்றால் வி.எல்.ஸி.யில் ஜே, கே எழுத்துகளைத் தட்டி ஒலியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். கூடிக்கொண்டே போனால் அப்படிச் செய்தும் பயனில்லை. காஸெட்டிலிருந்து பிடிக்கும்போது கணிப்பொறி திணறி நிமிஷத்துக்கு ஒரே ஒரு பிரேமைத் தவறவிட்டது என்று வையுங்கள். ஒரு பிரேம் என்பது 0.04 விநாடி. ஒரு மணி நேரத்தில் 2.4 விநாடி. படம் முன்னால் ஓடிவிடும், தனி ஆவர்த்தனத்தில் கை விழுந்து வெகுநேரம் கழித்து மிருதங்கம் பேசும். இதற்கு மறுபடி காஸெட்டிலிருந்து ஒழுங்காகப் பிடிப்பதுதான் சிறந்த வழி. கைபேசிப் படங்களில் வேறு மாதிரி. வெளிச்சத்துக்கு ஏற்பக் கைபேசி பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். பார்க்கும்போது சரியாக இருக்கும், வெட்டி ஒட்டும் மென்பொருளில் போட்டால் பிசகும். ஹேண்ட்பிரேக்கில் மாறாத பிரேம் வேகம் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்ட பிறகு வெட்டுங்கள்.

நம் விழா மேடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை தன் ஐஃபோனில் எடுத்த நாடக ஒத்திகையை மண்டபத்து மடிக்கணினியில் போட்டால் இருட்டுத் திரை. ஐநூறு பேர் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். 2017 முதல் ஐஃபோன்கள் எச்.இ.வி.ஸி. என்ற புதிய கோடெக்கில் பதிகின்றன. எச்.264இல் ஆகும் இடத்தில் ஏறக்குறைய பாதியே போதும். ஆனால் உரிமக் கட்டணச் சிக்கலால் பல விண்டோஸ் கணிப்பொறிகளில் அதன் விரிப்பான் கூடவே வருவதில்லை, சிறு தொகை கொடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வி.எல்.ஸி. இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. அல்லது கைபேசியில் அமைப்புகளில் காமிரா, வடிவங்கள் என்று போய் "அதிகப் பொருத்தமானது" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எச்.264இல் பதியும். வி.எல்.ஸி.யிலும் படம் பச்சையாக வந்தாலோ திக்கித் திணறினாலோ, விருப்பங்களில் உள்ளீடு, கோடெக்குகள் என்ற பக்கத்தில் வன்பொருள் வேகமூட்டலை நிறுத்திப் பாருங்கள். திரை அட்டையின் பிசகு என்றால் அதோடு தீரும்.

கைபேசியில் பதிந்துகொண்டிருக்கும்போதே பாட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால், அந்த எம்.பி.4 கோப்பு அளவில் பெரிதாக இருக்கும், எதிலும் திறக்காது. பதிவு முடிந்த பிறகுதான் பட்டியலை எழுதுவது வழக்கம். எழுதுவதற்குள் உயிர் போய்விட்டது. இதில் ஏ.வி.ஐ. மாதிரி துண்டுக்குத் துண்டு குறியும் கிடையாது. ஆனாலும் கைவிட வேண்டாம். அதே கைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி, உடைந்ததற்குப் பட்டியல் தயாரிக்கும் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஆகவே அந்தக் கோப்பை அழிக்காதீர்கள், அந்தக் கைபேசியையும் உடனே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பென் டிரைவை டி.வி.யில் சொருகிப் படம் வந்து சத்தம் வராவிட்டால், ஒலிக் கோடெக் டி.டி.எஸ். போல ஏதாவதாக இருக்கும். உரிமம் இல்லாத டி.வி. மௌனம் சாதிக்கும். ஒலியை மட்டும் ஏ.ஏ.ஸி.க்கு மாற்றினால் போதும், படத்தைத் தொட வேண்டாம். பெரிய கோப்பு பென் டிரைவில் ஏறவே மறுத்தால் அது கோடெக் விஷயமே அல்ல. ஃபாட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. தமிழ் வசன எழுத்துகள் கட்டங்களாக வந்தால், அந்த எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்து யு.டி.எஃப்-8 முறையில் சேமித்துப் பாருங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கித்தான் அனுப்பும். ஆவணமாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

இன்னும் காஸெட்டாகவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வி.ஸி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இருக்கிற இயந்திரங்கள் தேய்ந்துகொண்டே வருகின்றன. நம் ஊர் மழைக்காலம் வேறு. காஸெட்டின் ஜன்னல் வழியே நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று வி.ஸி.ஆரில் போட்டுவிடாதீர்கள். நாடா கிழியலாம், பூஞ்சை இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த காஸெட்டுக்கும் தாவும். உலர வைத்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "எந்தக் கோடெக்கில் தருவீர்கள்?" என்று கேளுங்கள். எச்.264 என்று சொன்னால் சரி. பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

ஞாயிறு மாலைகளில் சங்க நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் நானும் பழைய டிரைவ்களோடு அங்கே இருக்கிறேன். ஓடாத தட்டு எதுவானாலும் கொண்டு வாருங்கள். உறையோடு கொண்டு வாருங்கள், துடைக்காமல்.